குணசேகரின் ஊமை ஆப்

"மூணு விசில் வந்துச்சேன்னு ஆஃப் பண்ணேன். கறி கல்லு மாதிரி இருக்கு, குணா!" சமையலறையிலிருந்து லீனா கத்தினாள்.

குணசேகர் அவசரமாக ஃபோனை எடுத்தான். அந்த மூன்று விசிலில் இரண்டு அவன் ஃபோன் அடித்தவை.

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்றை அவன் செய்துகொண்டிருந்தான். திறந்து வைத்திருந்தால் ஊரைக் கூட்டும். திரையை விட்டுப் பின்னணிக்குப் போனால் ஊமையாகிவிடும். நாளைக்குள் அது வாய் திறக்காவிட்டால் மேனேஜர் வாய் திறப்பார். காதில் நன்றாக விழட்டுமென்று குக்கர் விசிலைச் சோதனைக்கு வைத்த புத்திசாலித்தனத்தின் பலன்தான் இந்தக் கறி.

அதுவும் இன்றைக்கா! லீனாவின் அப்பா சின்னப்பா, கோலார் தங்கவயலிலிருந்து முதன்முறையாக இந்தத் தொம்மலூர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சர்ச்சில் நடக்காத கல்யாணம் என்று இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர்.

"சாரிம்மா, சவுண்டை மாத்திடறேன்."

அவசரத்தில் கைக்கு வந்ததை வைத்தான். அது அவன் எப்போதோ பதிவு செய்திருந்த சொந்த வீட்டு வாசல் பெல்.

"டாடி!" லீனா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். யாருமில்லை. மறுபடி பெல் அடிக்க, மறுபடி ஓடினாள். படிக்கட்டில் பூனை உட்கார்ந்திருந்தது.

குணசேகர் அசடு வழிய ஃபோனைக் காட்டினான்.

"டாடி வரமாட்டார்னு எனக்கே தெரியும். நீ வேற பெல் அடிச்சு அடிச்சுச் சொல்லணுமா?" அவள் கண் கலங்கிவிட்டது. "இனி எந்த பெல்லுக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கடைசி முயற்சியாக ஆப்பின் நிரலில் ஒரு வரியை மாற்றி, அலர்ட் வைத்து, ஆப்பைப் பின்னணிக்குத் தள்ளி, ஃபோனை ஃப்ரிட்ஜ் மேல் போட்டான். நம்பிக்கை துளியும் இல்லை. போய்க் கறியை மறுபடி அடுப்பில் ஏற்றினான்.

கறி வெந்து இறக்கும் நேரத்தில் பெல் அடித்தது.

"உன் ஃபோன்தான்," என்றாள் லீனா, அசையாமல்.

"அது பின்னணில இருக்கு, வாயே திறக்காது. இது நிஜ பெல்!"

பாய்ந்து கதவைத் திறந்தான். கையில் கேக் டப்பாவோடு, வியர்த்து வழிந்தபடி சின்னப்பா நின்றிருந்தார். லீனா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"வாங்க மாமா! பெல் சத்தம் கேட்டதும் ஓடி வந்துட்டேன்."

சின்னப்பா திருதிருவென்று விழித்தார்.

"நான் எங்க மாப்ளே பெல் அடிச்சேன்? அடிக்கலாமா, இப்படியே திரும்பிப் போயிடலாமான்னு கை வராம நின்னுட்டிருந்தேன்."