ஆறு பக்கம் அனுப்பப்பட்டது

கணினித் திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்துவிட்டது. கையிலிருந்த கைப்பேசியில் ஒன்றும் வரவில்லை.

வரைபடச் சரிபார்ப்பாளர் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கைப்பேசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கடைசியில் கணினியோடு ஒட்டவைத்தே பார்த்தார். அப்போதும் வரவில்லை.

போனது சாதாரணக் கோப்பு அல்ல. ஐந்து நாள் மதிய இடைவேளைகளில், சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு, மனைவிக்கு அவர் தட்டச்சு செய்த ஆறு பக்க மன்னிப்புக் கடிதம்.

கட்டட வரைபடங்களில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, படியின் உயரம் சரியா என்று பார்த்துப் பதினெட்டு வருடமாகச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறவர். அந்தப் பேனாவை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை. மனைவி எதைச் சொன்னாலும் அதில் ஒரு வட்டம் விழும். பன்னிரண்டு நாளைக்கு முன், வந்திருந்த விருந்தாளிகளிடம், இப்போது வெளியூரில் படிக்கும் மகனைப் பெற்ற கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் நடுவில் புகுந்து, வலி எடுத்தது எட்டு மணிக்கு இல்லை, ஏழே முக்காலுக்கு என்று திருத்தினார்.

அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். விருந்தாளிகளை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

“வலி எனக்கு வந்துச்சு” என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடிதத்தை இன்று மாலை நேரில் போய் வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தார். சும்மா பேசப் போனால் நடுவில் எங்காவது நியாயம் பேசிவிடுவோம் என்று அவருக்கே பயம். அச்செடுத்தால் பிரிண்டர் இருக்கும் பொதுக்கூடத்தில் நாலு பேர் பார்ப்பார்கள். கணினியில் வயர் செருகவும் சொந்த மின்னஞ்சல் திறக்கவும் அலுவலகத்தில் தடை. மிஞ்சியது வயரில்லாமல் அனுப்பும் வழிதான். திரையில் பக்கத்திலிருக்கும் கைப்பேசிகளின் பட்டியல் வந்தது. தன் மாடலின் பெயரைப் பார்த்து அழுத்தினார். அதே மாடல் அதே கட்டடத்தில் வேறு யாரிடமாவது இருக்கலாம் என்பது அழுத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

யாரோ ‘ஏற்றுக்கொள்’ என்று தொட்டு, வாங்கியும் கொண்டுவிட்டார்கள்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் போய், ஒரு முக்கியமான வரைபடம் வழிதவறிவிட்டதாகச் சொன்னார். கைப்பேசிக்குத் தனியாக ஒரு பெயர் வைத்துவிட்டு மறுபடி அனுப்பும்படி அவள் சொன்னாள். பெயரும் வைத்துக்கொடுத்தாள். இவர் திரும்பி வந்து, இந்த முறை தப்பே நடக்கக் கூடாது என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அனுப்பும் குறிக்குப் பக்கத்துக் குறியை அழுத்தினார். இரண்டிலும் ஒரே மாதிரி வளைகோடுகள்தான். ஆனால் இவர் அழுத்தியது, கணினியில் தெரிவதைக் கூட்ட அறையின் பெரிய திரைக்குக் கொண்டுபோகும் குறி.

கூட்ட அறையில் தலைமைப் பொறியாளரும் ஒன்பது பேரும் அடித்தள வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்தளம் மறைந்து நாலாம் பக்கம் வந்தது. இவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது எல்லோரும் அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளர் கையில் ரிமோட் இருந்தது. அணைக்கவில்லை. கடைசி வரிவரை வாசித்து முடித்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

“மூணாவது வரியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு.”

இவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மைதான்.

இருக்கைக்குத் திரும்பினார். இனி ஒரு பக்கம்கூட எங்கும் பறக்கக் கூடாது என்று கோப்பை அழித்தார். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தார். அழித்த பிறகுதான், தன்னிடம் இருந்த ஒரே பிரதி அதுதான் என்று நினைவு வந்தது. ஐந்து நாள் உழைப்பு இப்போது முகம் தெரியாத ஒருவருடைய கைப்பேசியில் மட்டும் இருந்தது. மேசை மேசையாகப் போய், ஏதாவது கோப்பு வந்ததா என்று விசாரித்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாக இருந்தது என்றார்கள். அவர் கேட்டது அதுவல்ல.

மாலையில் வெறுங்கையோடு அக்கா வீட்டுக்குப் போனார்.

சகலை கதவைத் திறந்தார். மனைவியின் அக்காவுடைய கணவர். இவருடைய அலுவலகத்திலேயே கீழ்த்தளத்தில் ஸ்டோர் கீப்பர். உள்ளே அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி ஓரமாக உட்கார்ந்து தலையணை உறைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“சரியான நேரத்துக்கு வந்தீங்க சகலை. உக்காருங்க. உங்க அக்காவுக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கேன், கேளுங்க” என்றார் சகலை. கைப்பேசியை நீட்டிப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தார்.

“நீ சொன்னது தவறு என்று நான் நிரூபித்த ஒவ்வொரு முறையும், என்னிடம் நீ சொல்ல நினைத்த ஏதோ ஒன்று குறைந்துபோனது...”

அது சரிபார்ப்பாளர் எழுதிய முதல் வரி. இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அக்காவும் தங்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடல் கைப்பேசி வாங்கித் தந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆறு பக்கத்தையும் கேட்டார். சகலை ‘உன் தனிமை’ என்பதை ‘உன் தன்மை’ என்று வாசித்தார். நல்ல இடத்தில் எல்லாம் மூச்சு வாங்கினார். நாக்கு நுனிவரை வந்ததை இவர் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அது மலர்ந்திருந்தது. இருபது வருடத்தில் அந்த மனுஷி வாங்கிய முதல் கடிதமாக இருக்கும். அதில் எப்படி வட்டம் போடுவது?

“எப்படி இருக்கு சகலை?”

மனைவியின் ஊசி துணியிலேயே நின்றது.

“நல்லா இருக்கு” என்றார் அவர். “ஒரு தப்பும் இல்ல.”

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். மனைவியிடம் சொல்ல ஒரு வாக்கியம்கூட மீதி இல்லை. இருந்ததெல்லாம் சகலை வாசித்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறக்கும்போது அக்கா பின்னாலேயே வந்தார்.

“கொஞ்சம் நில்லுங்க தம்பி. அவ பையை எடுத்துட்டு வரா.”

அவருக்குப் புரியவில்லை. “நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே அக்கா.”

“அது யாரு எழுதினதுன்னு முதல் வரியிலேயே எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு” என்றார் அக்கா. “‘அது நான் எழுதினது’ன்னு நீங்க எழுந்து திருத்திடக் கூடாதேன்னுதான் அவ மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா.”