ஆறு மூட்டை மால்ட்டுக்கு ஓர் உலர்ந்த அறை வேண்டி

சாரெமா தீவு,
மே 14, வியாழன் காலை.

மதிப்பிற்குரிய மைத்துனன் எண்டெலுக்கு, அக்காள் புருஷன் ஹெய்னோ எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் லெய்தாவும் ஆறு மூட்டை மால்ட்டும் சௌக்கியம். குரெஸ்ஸாரே நகரத்தில் நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் நம் மெரிக்கே கல்யாணம். பெண்ணைப் பெற்றவன் தன் கையால் காய்ச்சிய பீரை ஊற்றாவிட்டால் நம் பக்கத்தில் அதைக் கல்யாணம் என்றே சொல்ல மாட்டார்கள். மூன்று நாள், நூற்றிருபது பேர். முளைகட்டிக் காயவைத்த பார்லியை ஏற்றிக்கொண்டு அக்கரையிலிருந்து லாரி வருவது வசந்தத்தில் ஒரே ஒரு தடவை. ஏப்ரலில் அது வந்ததும் ஆறு மூட்டை இறக்கிவிட்டேன். "மூணு போதாதா?" என்றாள் லெய்தா. "ரெண்டாம் நாளே பீப்பாய் காலின்னா தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஓடறது நானா நீயா?" என்று கேட்டேன். அத்தோடு விட்டுவிட்டாள்.

வாங்கினேனே தவிர எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை. முதலில் நிலவறையில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் அடுக்கினேன், மால்ட் மணியைக் கடித்தால் கறுக்கென்று உடைய வேண்டும் என்பது உனக்குத் தெரியும், மூன்றாம் நாள் கடித்துப் பார்த்தால் நமுத்துக் கிடக்கிறது, சரியென்று அத்தனையையும் மேலே தூக்கி, உன் அக்காளின் நல்ல மேசைவிரிப்புகளில் வெயிலில் பரப்பி, இரண்டு நாள் கோழி விரட்டினேன், பிறகு தொழுவத்துப் பரணில் ஏற்றினால் எலி ஒரு மூலையைப் பதம் பார்த்துவிட்டது, காவலுக்குப் பூனையை விட்டால் அது மூட்டை மேலேயே நாலு குட்டி போட்டது, குட்டிகள் கண் திறக்கிற வரைக்கும் மூட்டையில் கை வைக்கக் கூடாது என்று லெய்தா உத்தரவு போட்டுவிட்டாள். கடைசியில் ஆவிக்குளியல் போடுகிற சௌனாவின் முன்னறைக்குக் கொண்டுபோனேன். இறுக்கமாகப் பலகை அடித்த அறை, எலியும் வராது, ஈரமும் இல்லை.

ஒரே ஒரு சிக்கல். அடுப்பை மூட்டிக் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி முன்னறைக்கும் வந்து ஆறு மூட்டையும் களியாகிவிடும். ஆகவே மூன்று சனிக்கிழமையாக நாங்கள் இருவரும் துண்டை இடுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் காலேவின் சௌனாவுக்குத்தான் போகிறோம். அவன் வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்பான். "வாங்க ஹெய்னோ. வீட்ல மால்ட்டெல்லாம் குளிச்சாச்சா?" என்பான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதுவரை எல்லாம் சரி. நேற்று மாப்பிள்ளையின் தாயார் ஹில்யா அம்மாள் போன் செய்தார். சனிக்கிழமை முதல் தடவையாக நம் வீட்டுக்கு வருகிறாராம். "பெரிய உபசாரமெல்லாம் வேணாம் சம்பந்தி. சௌனா மட்டும் சூடா இருந்தாப் போதும், அங்கேயே உக்காந்து கல்யாணப் பேச்சைப் பேசிக்கலாம்" என்கிறார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவரை எந்த முகத்தோடு காலேவ் வீட்டுக்கு அனுப்புவது? மெரிக்கே போனில் அழுதேவிட்டாள். "அப்பா, அவங்க ஊர்ல வந்தவங்களுக்கு சௌனா மூட்டலேன்னா, ஏன் வந்தீங்கன்னு கேக்கற மாதிரிப்பா."

மூட்டையைத் தூக்கி வெளியே போடுங்கள் என்கிறாள் உன் அக்காள். "நகர்ந்தா உலர்ந்த இடத்துக்குத்தான் நகரும், இல்லேன்னா நகராது" என்று குடும்பத் தலைவன் என்ற முறையில் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அவள் போர்வைகளை உதறி மடிக்கப் போய்விட்டாள். ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எனவே தயவு பண்ணி உன் சின்ன அறையைக் கொடு. சூடு கொடுக்கும் ரேடியேட்டர் வைத்த அறை, மால்ட்டுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. கட்டிலைச் சுவரோடு சாய்த்து வை. நாளை டிரெய்லரில் கொண்டுவருகிறேன், ஒரே ஒரு மாதம். மூன்று மாடி ஏற்ற வேண்டுமே என்று முதுகை நினைத்துப் பயப்படாதே, மூட்டை ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோதான். கடிதத்தை மதியப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் முதுகு நிமிரவும், பால்கனித் தக்காளி காய்க்கவும், மேல்மாடிக்காரன் பியானோவை விற்கவும் மனதார வாழ்த்தும்,
ஹெய்னோ.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பார்த்தால் சௌனாப் புகைபோக்கியில் புகை. ஓடினேன். முன்னறை காலி. ஹில்யா அம்மாள் இரண்டு நாள் முன்னதாகக் காலைப் படகிலேயே வந்துவிட்டாராம், நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்ததால் தொந்தரவு செய்யவில்லையாம். "கதவைச் சாத்துங்க சம்பந்தி, ஆவி போகுது" என்று உள்ளேயிருந்து குரல். மூட்டைகளை அவரும் லெய்தாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். எங்கே என்று கேட்டேன். "உலர்ந்த இடத்துலதான். உங்க கட்டில் மேல" என்றாள் லெய்தா. போய்ப் பார்த்தேன், ஆறும் போர்வை போர்த்திப் படுத்திருக்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. மெரிக்கேயிடம் போனில் சொன்னேன், சிரித்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அது போதும். எண்டெல், மூட்டை எதுவும் வரவில்லை, கட்டிலைச் சாய்க்க வேண்டாம். ஞாயிறு காலைப் பேருந்தில் நான்தான் வருகிறேன், ஒரே ஒரு மாதம்.