அரசமரத்தடியில் கிடைத்த முருகர்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனையும் நெருப்பை மூட்டியவனையும் உலகம் அநாவசியமாகக் கொண்டாடுகிறது. புதிதாக ஒன்றைச் செய்வதில் என்ன இருக்கிறது? பிறத்தியார் வேண்டாமென்று போட்டதில் பொக்கிஷத்தைக் காண்பதற்கல்லவா ஞானம் வேண்டும்! அந்த ஞானம் மும்பை மாநகரில், செம்பூரில் ஒரு மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே, பேச்சிராஜா என்ற பெயரில் குடியிருந்தது.

பேச்சிராஜா பிறந்தது தாராவியில், பத்துக்குப் பத்து ரூமில். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மேனேஜராக இருந்த காலமெல்லாம் அதை வெளியே சொல்லாதவர், ரிட்டயரான மறுநாளே அதற்கு 'வேர்கள்' என்று பெயர் வைத்துவிட்டார். ஞாயிறு தவறாமல் தோளில் பையை மாட்டிக்கொண்டு வேர்களைத் தேடித் தாராவிக்குக் கிளம்புவார். பங்கார் கடை என்னும் காயலான் கடை வைத்திருந்த சைஃப் அவர் தலை தெரிந்ததும் பித்தளைச் சாமான்களைச் சாக்குப் போட்டு மூடிவிடுவான். மூடி வைத்ததை அவர் இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவார் என்பது அவனுக்குத் தெரியும். சாக்கை விலக்கும்போது அவர் நெஞ்சு கல்யாண மாப்பிள்ளை நெஞ்சாக அடித்துக்கொள்ளும். அந்தச் சுகம் அனுபவித்தவனுக்குத்தான் புரியும். அவர் மனைவி மாலதிக்குப் புரியவில்லை. அவள் உட்கார்ந்து டிவி பார்த்த சோபாவில் இப்போது ஓர் ஆட்டுரல் உட்கார்ந்திருந்தது.

பேச்சிராஜாவைத் தலைவராகப் பெறும் பேறு 'செம்பூர் பழம்பொருள் ரசிகர் மன்ற'த்துக்குக் கிடைத்திருந்தது. உறுப்பினர் பதினொரு பேர், விதிகள் ஒன்பது. அவற்றில் நாலாவது விதி வேதவாக்கு: 'கண்டெடுத்ததைக் கழுவாதே, தேய்க்காதே, திறக்காதே.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவிப் பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் அவருக்கு யோகம் அடித்தது. கண்ணாடி கீறிய சாமி படத்தை நம்மவர்கள் வீட்டில் வைக்க மாட்டார்கள், குப்பையிலும் போட மாட்டார்கள். மரத்தடியில் சாய்த்து வைத்து, கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அப்படி வைத்ததை இன்னொருவர் எடுக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான். ரசிகனுக்கு ஏது வழக்கம்? ஏழெட்டுப் படங்களுக்கு நடுவே, தேக்குச் சட்டத்துக்குள், வேலும் மயிலுமாக நின்றுகொண்டிருந்தார் முருகர். பின்பக்கம் துருப்பிடித்த ஆணிகளோடு ஒரு பலகை. யாரும் திறந்த அடையாளமே இல்லை. பேச்சிராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பூக்கடை சுயம்பு பார்த்துக்கொண்டிருக்கையிலேயே முருகர் பைக்குள் போனார், அங்கிருந்து செம்பூருக்குப் போனார், பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை முருகரைத் தேடிக்கொண்டு ஆறுமுகத்தாய் வந்தாள். தாராவியில் இட்லி அவித்து வீடு வீடாகக் கொடுப்பவள். சுயம்புவிடம் விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

அவள் சொன்ன கதை இதுதான். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் அல்லவா? அதற்காகக் கணக்கெடுக்க வந்தவர்கள் அவள் வீட்டு வெளிச்சுவரில் நம்பர் தகடு அடித்தார்கள். அடித்த அடியில் உள்சுவரில் இருந்த முருகர் கீழே விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. வீட்டுக்கு ஆகாது என்று மருமகள் கலைச்செல்வி, மாமியார் இட்லி கொடுக்கப் போயிருந்த நேரத்தில், படத்தை மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். செத்துப்போன மாமனார் வெயிலுமுத்து, படத்துக்கும் பலகைக்கும் நடுவில் பழைய ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்தியிருந்தது அவளுக்குத் தெரியாது. இரண்டாயிரத்துக்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பதாகக் காகிதம் காட்டினால் தாராவியிலேயே வீடு. காட்டாவிட்டால் எங்கேயோ ஊருக்கு வெளியே. அங்கே இட்லியை யாருக்குக் கொடுப்பது? காகிதம் காட்டச் சனிக்கிழமை கடைசி நாள்.

"அண்ணாச்சி, படம் உங்ககிட்டயே இருக்கட்டும். பின்பலகைய மட்டும் கழத்துங்க. காயிதத்த எடுத்துக்கிட்டுப் போயிருதேன்."

கருவறைக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார் பேச்சிராஜா.

"தாயி, அது ஒரிஜினல் ஆணி."

"அதே ஆணிய அதே ஓட்டையில நானே அடிச்சுத் தாரேன்."

"நீ அடிச்சா அது புது அடியால்லா ஆயிரும்?"

மாலதி காபி கொண்டுவந்தாள்; தட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தது. பேச்சிராஜா காபியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதற்காக அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடக் கூடாது. வியாழக்கிழமை மாலையே மன்றத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். இரண்டு மணி நேரம் விவாதம். "பாவம், திறந்து கொடுத்துவிடுவோம்" என்றார் மரியசூசை. அவர் வெறும் நாணயம் சேர்ப்பவர், படச் சட்டங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று மற்றவர்கள் அவரை உட்கார வைத்தார்கள். முடிவில் தீர்மானம் நிறைவேறியது: மன்றம் ஆறுமுகத்தாயின் துயரத்தில் முழுமனதோடு பங்குகொள்கிறது, பலகையைத் திறக்கலாமா என்று ஆராய மூவர் குழு அமைக்கப்படுகிறது, குழு ஒரு மாதத்துக்குள் அறிக்கை தரும். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் காத்திருந்த ஆறுமுகத்தாய்க்கு மன்றச் செலவில் ஒரு சமோசா வழங்கப்பட்டது.

சனிக்கிழமை வந்தது. காகிதம் எங்கே என்று கணக்கெடுப்பவர்கள் கேட்டார்கள். செம்பூரில் முருகருக்குப் பின்னால் இருக்கிறது என்றாள். அவர்கள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். முப்பது வருஷமாக அவள் கையால் இட்லி தின்ற தெருவே திரண்டு வந்து சாட்சி சொன்னது. ஆனால் தெருவிடம் ரப்பர் ஸ்டாம்பு கிடையாது. 'தகுதியில்லை' என்று நோட்டீஸ் வந்தது. அப்பீல் செய்யவும் வெறும் பத்து நாள்தான் கொடுத்திருந்தார்கள்; அதுவும் கழிந்தது.

மூவர் குழு வாக்குத் தவறவில்லை. ஒரு மாதம் முடிந்த அன்று, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஆணி ஆணியாகப் பிடுங்கிப் பலகையைத் திறந்தது. உள்ளே ரேஷன் கார்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. வெயிலுமுத்து பேர், ஆறுமுகத்தாய் பேர், தாராவி விலாசம், 1991ஆம் வருஷத்து முத்திரை. உறுப்பினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இதுவரை தாம் கண்டெடுத்ததெல்லாம் வெறும் பித்தளை என்று பேச்சிராஜாவுக்குத் தோன்றிவிட்டது.

மாதுங்காவில் ஹால் பிடித்துக் கண்காட்சி வைத்தார்கள். பேச்சிராஜா நன்றி மறக்காதவர். ஆறுமுகத்தாயையே வரவழைத்துக் குத்துவிளக்கு ஏற்ற வைத்தார், சால்வை போட்டார். நடு ஹாலில், விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடி மூடாத மேஜைமேல் கார்டு இருந்தது. பக்கத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஓர் அட்டை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, அண்ணாச்சி. என்ன எழுதிப் போட்டிருக்கு?"

பேச்சிராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி வாசித்தார்: "இந்தக் குடும்பம் 1991 முதல் தாராவியில் வாழ்ந்து வருகிறது என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம்."

ஆறுமுகத்தாய் மேஜையை நெருங்கினாள்.

"இதத்தான் அண்ணாச்சி அவுக கேட்டாவ," என்று சொல்லி, அதை எடுக்கக் கையை நீட்டினாள்.

பேச்சிராஜா அந்தக் கையை மரியாதையாகப் பிடித்து விலக்கினார்.

"கீழ இன்னொரு வரி இருக்கு தாயி," என்றார். அதையும் வாசித்துக் காட்டினார்: "தயவுசெய்து தொடாதீர்கள்."