ஜிஎஸ்எம் பார்த்து வாங்கிய சாணைக்கல்

கல்யாண வீட்டில் அடுத்தவர் சட்டையை விரலால் தேய்த்து, "நூத்தி எண்பது ஜிஎஸ்எம் இருக்குமுங்களா?" என்று கேட்கிற கூட்டம் நாங்கள், திருப்பூர்க்காரர்கள். (துணியின் எடைக் கணக்கு அது. எண் குறைந்தால் துணி மெல்லிசு.) அந்தப் புத்தியால் முகத்தைக் கிழித்துக்கொண்டவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவனாக இருந்தேன். வெளிநாட்டு பையர் ஒருவர் மடக்குச் சவரக்கத்தி ஒன்றைப் பரிசளித்திருந்தார். பல்லடத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கத்தியால் மழமழவென்று சவரம் செய்துகொண்டு போய் அசத்துவதென்று முடிவு செய்தேன். கத்தி மொக்கையாக இருந்ததால், தீட்டக் கல் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு சாணைக்கல்லை எடுத்து வைத்தார். ஒன்றில் 120, மற்றதில் 3000 என்று போட்டிருந்தது.

"சவரக்கத்திக்குங்க. சன்னமா வேணும்," என்றேன்.

"அப்பன்னா மூவாயிரம் எடுங்க."

"துணியில பொழைக்கிறவனுங்க நான். மூவாயிரம்னா கோணிச்சாக்குங்க! நூத்தி இருபதுதான் சன்னம்."

"உங்க மூஞ்சிங்க," என்றார் அவர். (மரியாதையில் குறை வைக்கவில்லை.)

வழக்கம்போல் விரலால் தேய்த்தேன். சொரசொரவென்றுதான் இருந்தது. ஒரு வாஷ் போட்டால் சாஃப்ட் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாங்கு மாங்கென்று தீட்டியதில் கத்தி ரம்பமாகிவிட்டது. முதல் இழுப்பில் ரோமம் அப்படியே இருந்தது, தோல்தான் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் மனிதன். இரண்டு கன்னமும் பொருத்தமாக இருக்கட்டுமே என்று மறுபக்கமும் இழுத்தேன்.

"ஏஞ்சாமி, பூனை கீனை பொறாண்டிருச்சா?" என்று அம்மா அழாத குறை. முகமெல்லாம் பிளாஸ்திரியோடு பல்லடம் போய்ச் சேர்ந்தோம்.

பெண் வீட்டார் விசைத்தறிக்காரர்கள். எங்களைத் தனியாகப் பேச விட்டதும், "ஏனுங்க, யாராச்சும் அடிச்சுப்போட்டாங்களா?" என்று கேட்டாள் பெண். நடந்ததைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்லுக்குப் போயி ஜிஎஸ்எம் பாத்தீங்களா? அது நூல் கவுண்ட் மாதிரீங்க. நம்பர் ஏற ஏறத்தான் சன்னம்!"

வெட்கத்தில் காயமெல்லாம் எரிந்தது. இந்த இடமும் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவள் தன் அப்பாவிடம் சொன்னது கூடம் வரைக்கும் கேட்டது.

"சம்மதமுங்கப்பா. ஆனா ஊட்டுச் சாமானெல்லாம் நானே பாத்து வாங்கிக்கறனுங்க."

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. மாமனார் வீட்டில் இன்றுவரை என் கையில் கத்தி கொடுப்பதில்லை. போன மாதம் மாங்காய் நறுக்கலாமே என்று ஆசையாக ஒன்றை எடுத்தேன். மாமியார் பதறியடித்து ஓடி வந்தார்.

"மாப்பிள்ளைங்க, வெச்சுருங்க! மாங்காயாச்சும் நல்லாருக்கட்டுமுங்க!"