நரையக்காவின் நாற்காலி

லிங்கராஜபுரத்திலேயே மழைக்குப் பயப்படாத ஒரே தலை எங்கள் நரையக்காவின் தலைதான். மற்றவர்களெல்லாம் நாலு தூறல் விழுந்தாலே, தலையில் அடித்த டை ஒழுகிவிடுமோ என்று கர்ச்சீஃப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிற ஜாதி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் ஒரு பெயிண்ட் கடையில் சேல்ஸ்மேன். வாசலில் முதல் மேஜை அக்காவுடையது. தலை மொத்தமும் பஞ்சு. "என்னக்கா, இப்படி நரைச்சுப் போச்சு?" என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"நரைன்னா பழைய தமிழ்ல வெள்ளைன்னு அர்த்தம். வெள்ளை எருதுக்கே நரைன்னு பேரு. இங்க கன்னடத்துலயும் நரெதான். முடி நரைக்கும், சட்டை நரைக்கும், சுவரு நரைக்கும். வெயில்ல நின்னதெல்லாம் நரைக்கும். எங்க, அந்த வார்த்தைய வெச்சு நீ ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்."

சரியாகச் சொன்னால் டிராயரிலிருந்து ஒரு பிஸ்கெட். கூரியர்க்காரர், வேன் டிரைவர் எல்லாரும் சொல்லித் தின்றிருக்கிறார்கள். தண்ணீர் கேன் போட வந்த பீகார்காரர் தன் பனியனைக் காட்டி "நரைச்சு" என்றார். அவருக்கு இரண்டு.

இந்த நேரத்தில்தான் புது மேனேஜர் வந்தார். மைசூர்க்காரர். நெற்றி ஓரத்தில் எப்போதும் டைக் கறை.

"மேடம், நாம விக்கிறது நரைக்காத பெயிண்ட். வாசல்ல உக்காந்திருக்கிறது நரைச்ச தலை. கஸ்டமர் ஹேகே, எப்படி நம்புவான்? ஸ்வல்ப டை அடிங்க. இல்லேன்னா திங்கக்கிழமையிலருந்து குடோன்ல உக்காருங்க."

குடோன் ஜன்னலில்லாத ஷெட். அக்காவுக்கோ நாலு மனுஷ முகம் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. அங்கே போட்டால் வாடிவிடுவார் என்று நாங்கள் கெஞ்சினோம். "ஒரு பாக்கெட்தானேக்கா, பூசிக்கிட்டா என்ன?"

"முடியாது. இந்தத் தலை என் சொந்த வீடு. என்ன கலர் அடிக்கணும்னு எதிர்வீட்டுக்காரன் சொல்லக் கூடாது."

சனிக்கிழமை ஆனேக்கல்லிலிருந்து ஒரு கஸ்டமர் கொதித்துக்கொண்டு வந்தார். போனில் அவர் வீட்டுப் படம். கிளிப்பச்சை அடித்த சுவர் ஒரே வருஷத்தில் மோர்க் கலருக்கு வந்திருந்தது.

"போன் கேமரா அப்படித்தான் சார் காட்டும்" என்றேன் நான், கூசாமல். "பெயிண்டர் தண்ணி ஜாஸ்தி கலந்திருப்பான்" என்றார் மேனேஜர். மனிதர் மேஜையைக் குத்தினார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "நல்லா நரைச்சிருக்கு. தப்பு எங்க பெயிண்ட் மேலதான். கம்பெனியோட நான் பேசறேன். மறுபடி அடிச்சுக் குடுக்க வைக்கிறது என் பொறுப்பு. உக்காருங்க."

மனிதர் உட்கார்ந்தார். அக்காவின் தலையைப் பார்த்தார். மேனேஜரின் நெற்றியைப் பார்த்தார்.

"தன் நரையவே மறைக்காத அம்மா, என் சுவத்து நரையவா மறைக்கப் போறாங்க? தம்பி வீட்டுக்கும் இங்கதான் சார் பெயிண்ட் வாங்குவேன். ஆனா இந்தம்மா இதே சேர்ல இருக்கணும்."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கறை போகவில்லை. திங்கட்கிழமை அக்கா அதே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "சார், நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றார். மேனேஜர் கன்னடத்திலேயே சொல்லிப் பிஸ்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

அக்கா ரிட்டயராகி, ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன வாரம் சலூனில் "சார், டை போட்டுடலாமா?" என்று கேட்டார்கள்.

"வேணாம்ப்பா. வெயில்ல நின்ன தலை, நரைக்கட்டும்" என்றேன். சொன்ன கையோடு, போர்த்தியிருந்த துணிக்கு வெளியே கையை நீட்டிவிட்டேன், பிஸ்கெட்டுக்கு.