லிங்க் அண்ணனின் சிம்மாசனம்

ஆரணியில் லிங்க் அண்ணனிடம் பரிசு வாங்காதவர் ஒருவர் உண்டென்றால், அவர் அண்ணனின் அலுவலக மாடிப்படியில் கால் வைக்காதவராகத்தான் இருக்க வேண்டும். தபால்காரருக்கே 'இம்மாதச் சிறந்த வருகையாளர்' என்று சால்வை போர்த்தியவர் அவர்.

டயர் கடைக்கு மேலே அலுவலகம். ஆன்லைன் கடைப் பொருட்களின் லிங்க்கை வாட்ஸப்பில் பரப்ப வேண்டும். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் கமிஷன். வேலை பார்த்த ஆறு பெண்களில் என் மகள் நித்யாவும் ஒருத்தி. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். அதனாலேயே அவளைப் பற்றி எனக்கு எப்போதும் பயம்.

அண்ணன் முன்பு கல்யாண மேடை அலங்காரம் செய்தவர். அந்தத் தொழிலில் அவருக்கு மிஞ்சியது மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம். வாரத்தில் அதிகம் விற்றவர், அடுத்த வாரம் முழுக்க அதில் உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும்.

"காசு குடுத்தா வீட்டுக்கு எடுத்துகினு போயிடுவாங்க சார். சிம்மாசனம்னா இங்கியே குந்திகினு வேலை செய்வாங்க" என்பார்.

நித்யாவுக்கு அதன்மேல் ஆசை வந்தது. ஒரு புதன்கிழமை ஃபிளாஸ்க் லிங்க் ஒன்றை, தான் இருக்கும் குழுக்களுக்கெல்லாம் பார்க்காமல் அனுப்பிக்கொண்டே போனாள். எங்கள் உறவினர் குழுவில் அப்போதுதான் என் ஒன்றுவிட்ட அக்காவின் கணவர் தேவிகாபுரத்தில் இறந்த செய்தி வந்திருந்தது. அதற்கு நேர் கீழே என் மகளின் வாசகம்: 'வீட்டுக்கு நிறைய பேர் வர்றாங்களா? இனி காபி ஆறவே ஆறாது.'

உறவினர்கள் ஃபோனில் அவளைக் கிழித்தெடுத்தார்கள். அவர்களில் நான்கு பேர் ஃபிளாஸ்க்கும் வாங்கினார்கள். அந்த நாலில் நித்யா முதலிடம் வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவளைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துக் கைதட்டியிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு அண்ணனின் ஃபோன்.

"சார், பாப்பா அழுதுகினே எறங்கிப் போச்சு. வீட்டுக்கு வந்துச்சா?"

வரவில்லை. அவளுடைய ஃபோன் அணைந்திருந்தது. செருப்பில்லாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே அண்ணன் மற்ற ஐந்து பெண்களையும் நிறுத்தி, வந்தவாசி பஸ் ஒருத்திக்கு, பெரணமல்லூர் பஸ் இன்னொருத்திக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஜல்தி போங்கம்மா. யாரு மொதல்ல பாக்கறாங்களோ, சிம்மாசனம் அவங்களுக்கே சொந்தம்."

நான் கத்திவிட்டேன். "என் பொண்ணு காணாமப் போனதுக்குமா பரிசு?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆளுங்கள ஓட வெக்க எனக்கு இது ஒண்ணுதான் சார் தெரியும்."

மிச்சமிருந்த தேவிகாபுரம் பஸ்ஸில் நானும் அவரும் ஏறினோம். வழியெல்லாம் என் கண்ணுக்குக் கிணறுகள் மட்டுமே தெரிந்தன. அவர் என் கையை விடவே இல்லை.

அக்கா வீட்டு வாசல் பந்தலில் நித்யா இருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவளைத் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி ஊற்றச் சொல்லியிருந்தாள் அக்கா. புது ஃபிளாஸ்க்கிலிருந்து. வாங்கிய நால்வரில் அக்கா மகனும் ஒருவன்.

"இன்னாத்துக்குடா இப்படி ஓடியார? கொழந்த இங்கதானே கீது" என்றாள் அக்கா. பிறகு, "காப்பி நெஜமாவே ஆறல" என்றாள்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அக்காதான் முதலில் சிரித்தாள். அண்ணன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் சிம்மாசனம் குட்டி யானை லோடு வண்டியில் என் வீட்டுக்கு வந்தது.

"எனக்கு எதுக்குங்க இது?"

"பாப்பாவ மொதல்ல பாத்தது நீங்கதானே சார். ரூல்னா ரூல்."

பாதி ஹாலை அது அடைத்திருக்கிறது. என் மனைவிக்குத் தினமும் முட்டி இடிக்கிறது. நித்யா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். இப்போது நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குத்தான் பரிசாம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு நான் அதில் போய் உட்காருவேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டால்தான் எழுந்திருப்பேன். அதே நேரத்தில் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வரும்: 'பாப்பா வந்துச்சா சார்?'

இதுவரை அதனோடு ஒரு லிங்க்கும் வந்ததில்லை.