தனசேகரன் வைத்த ஜன்னல்

ஒரே ஒரு செங்கல்லைத்தான் தனசேகரன் உருவினான். அதற்குத் துணையாக ஒரு கூடை செங்கல் கீழே வந்தது.

கள்ளக்குறிச்சியில், ஜமீன் காலத்தில் வரி வசூலித்த கச்சேரிக் கட்டடத்தின் மாடியில் அவனும் மனைவி கமலாவும் வீட்டு பிளான் போட்டுத் தரும் ஆபீஸ் வைத்திருந்தார்கள். அவன் டிப்ளமா. அவள் சென்னையில் படித்த ஆர்க்கிடெக்ட். பாழடைந்து கிடந்த கூடத்தில் ஒரு வளைவைக்கூட இடிக்காமல், சுண்ணாம்புச் சுவரைத் தேய்த்துக் கழுவி மேஜைகள் போட்டதும், அது ஊரே பார்க்க வரும் இடமாகிவிட்டது. படியேறி வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு அவனிடம், "அம்மா இல்லீங்களா?" என்பார்கள்.

கட்டின மனைவி மேல் பொறாமை என்று யாரிடம் சொல்ல முடியும்? டீக்கடைக்காரர்கூட அவள் கிளாசில்தான் நுரையை ஜாஸ்தியாக விடுகிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

கமலா கரியாலூருக்கு ஒரு விடுதியை அளவெடுக்கப் போயிருந்தபோது, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ரோடெல்லாம் புளியமரங்களைச் சாய்த்துவிட்டார்கள். பஸ் நின்றுபோய், அவள் மலையிலேயே மாட்டிக்கொண்டாள். தன் பெயர் சொல்ல மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க இதுதான் சமயம் என்று கிளம்பிய தனசேகரன் உருவியதுதான் அந்த ஒற்றைச் செங்கல்.

"பாவாடை, சிமெண்ட் போட்டு அடச்சிடு."

"சிமெண்ட்டுக்கு இன்னா பண்றது சார்? லாரி மரத்துக்கு அந்தாண்ட நிக்குது" என்றார் கொத்தனார் பாவாடை.

கமலாவின் மேஜைப் பலகையைக் கழற்றி முட்டுக் கொடுத்தார்கள். பலகை முறிந்தது. கூடவே வளைவில் பாதி இறங்கியது. ஓட்டையை மறைக்க ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார்கள். மலைக்காற்று ஜமுக்காளத்தைத் தூக்கி, உள்ளே இருந்த வரைபடங்களை வாரித் தெருவில் போட்டது. மறியலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் அவற்றை எடுத்து வெயிலுக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி கந்தசாமியும் அவர் மனைவி செவ்வந்தியும், மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கிக் கடந்து வந்து சேர்ந்தார்கள். முன்பு ஒருமுறை தனசேகரன் இல்லாதபோது வந்து கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

"அம்மா இல்லீங்களா?" என்றார் கந்தசாமி.

செவ்வந்தி சுவரையே பார்த்தாள். ஓட்டை வழியாகப் பஸ் ஸ்டாண்டு தெரிந்தது.

"இன்னாங்க இது?"

"எல்லாம் கமலா யோசனைங்க" என்றான் தனசேகரன். சொன்னதும் நெஞ்சு லேசானது. "நான் வேணாம்னுதான் சொன்னேன். கேட்டாத்தான? அவளுக்குப் பழசோட அருமை தெரியாது."

கந்தசாமி பெருமூச்சு விட்டார். "இதே மாதிரி வூடு வேணும்னு வந்தோம். இப்ப இன்னா பண்றது, சொல்லு."

"வேற ஆளப் பாப்பம், வாங்க" என்றாள் செவ்வந்தி.

பிறகு தனசேகரனை இரக்கத்தோடு பார்த்தாள்.

"பாவம் சார் நீங்க. 'ஒரு செங்கல்லக்கூட தொடாம இத்தினி அழகா ஆக்கினது எங்க வூட்டுக்காரர் யோசனதான், நான் சும்மா எடுத்துச் சொல்றவ'ன்னு வர்றவங்ககிட்டல்லாம் உங்களப் பெருமையா சொல்லிக்கினு இருந்தவங்க, உங்களயே கேக்காம இடிச்சிட்டாங்களே."